வோக்கோவரை வீழ்த்தியவன்

பாசிக்குடாவில் கடலைப் பார்த்த விடுதி ஒன்றின் வாசலில், தடுப்புக் கட்டையைத் தூக்கி இறக்க ஒரு காவலாளி இருக்கிறான். அந்தக் கட்டையை ஒரு விரலால் தூக்கிவிடலாம். அதற்கு எதற்கு இவ்வளவு பெரிய ஆள் என்று வருகிறவர்கள் எல்லாரும் ஒரு தடவையாவது நினைப்பார்கள். வான் வண்டியில் வந்து இறங்கும் பிள்ளைகள் கடலைப் பார்க்க முதல் அவனைத்தான் வாய் பிளந்து பார்க்கும். விடுதி கொடுத்த சட்டைக்குள் அவனுடைய கை நுழையாததால், ஏறாவூர்த் தையற்காரர் ஒருவர் இரண்டு சட்டைகளைப் பிரித்து ஒன்றாக்கிக் கொடுத்தார். பிளாஸ்டிக் கதிரைகள் இரண்டு அடுத்தடுத்து முறிந்த பிறகு முகாமையாளர் மூன்றாவது கதிரைக்குக் கையெழுத்து வைக்க மறுத்துவிட்டார். இப்போது ஒரு சீமெந்துக் கல்லைப் போட்டு அதன்மேல்தான் இருக்கிறான்.

பெயர் உதயரூபன். ஊர் சித்தாண்டி. ஊரிலே போய் உதயரூபன் என்று கேட்டால் யோசிப்பார்கள். வோக்கோவர் என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் வீட்டைக் காட்டும். அந்தப் பெயர் வந்த கதையைத்தான் சொல்லவேண்டும். அந்தக் கதையில் கொஞ்சம் சிரிப்பும் உண்டு. சிரித்துவிட்டுப் போகிறவர்கள் பாக்கியவான்கள்.

நாட்டுச் சண்டை முடிந்த மறு வருடம், இருபத்திரண்டு வயதில், மேசனுக்குக் கையாளாகக் கொழும்புக்குப் போனான். மற்றவர்கள் ஒரு சீமெந்துப் பையைத் தூக்க மூச்சு வாங்கும்போது இவன் கக்கத்துக்கு ஒன்றாக இரண்டை இடுக்கிக்கொண்டு படியேறுவான். அதை எதிர்க் கட்டடத்திலிருந்து பார்த்தவர் றம்ஸீன் மாஸ்டர். கொழும்பில் ஒரு சின்னக் குத்துச்சண்டைக் கழகம் நடத்தியவர். இவனுடைய தோளை மாடு வாங்குகிறவரைப் போலத் தட்டிப் பார்த்துவிட்டு, "மகன், இந்தக் கையால சீமெந்து தூக்குறது பாவம்" என்றார். அன்று பின்னேரமே கழகத்துக்குக் கூட்டிப் போய்விட்டார்.

கை நல்ல கை. அதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. இவன் குத்தினால், பழகத் தொங்கவிட்ட மூட்டை ஊஞ்சல் போலக் கூரைவரை போய் வரும். வில்லங்கம் வேறு இடத்தில் இருந்தது. கழகத்தில் இருந்த மற்ற எல்லாரும் கோழிக்குஞ்சுகள். ஐம்பது கிலோ, அறுபது கிலோ. இவனைச் சுற்றிச் சுற்றி ஓடி, எட்டி ஒரு தட்டு தட்டிவிட்டுச் சிரிப்பார்கள். ஒருநாள் இவன் தெரியாத்தனமாகக் கையை முழுசாக நீட்ட, ஒருவனுக்கு விலா எலும்பு வெடித்தது. அதற்குப் பிறகு மாஸ்டர் வளையத்துக்கு வெளியே நின்று ஓயாமல் சொன்னது ஒரே ஒரு சொல்தான்: "மெதுவா, மகன். மெதுவா." தன் எடைக்கு ஒரு ஆள் இல்லாமல், ஒருத்தனையும் முழுக் கையால் அடிக்காமல், ஒருத்தனிடமும் முழு அடி வாங்காமல், இரண்டு வருடம் அவன் மெதுவாகவே பழகினான். ஆனைக்கு ஒடுங்கிய ஒழுங்கைக்குள் நடை பழக்கிய மாதிரி.

பிறகு நாடளாவிய போட்டி வந்தது. பார எடையில் பேர் கொடுத்தவர்கள் இரண்டே பேர். ஒருவன் இவன். மற்றவன் இராணுவத்துக்காரன், எதிரிவீர. பெயரிலேயே எதிரி இருக்கிறான் பார் என்று மாஸ்டர் பகிடி விட்டார். காலையில் எடை நிறுக்கும் இடத்தில் உதயரூபன் அவனைக் கண்டான். இடது காது மடங்கி, இவனுடைய உயரத்துக்கே உயரமாக, தேத்தண்ணீர்க் கோப்பையோடு நின்றான். வாழ்க்கையிலே முதல் தடவையாகத் தன் கண்ணுக்கு நேரே இன்னொரு கண். குனியாமல் ஒரு மனிதனைப் பார்ப்பது எப்படி இருக்கும் என்று உதயரூபனுக்கு அன்றுதான் தெரிந்தது. பயமா சந்தோசமா என்று அவனால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

பின்னேரம் சிவப்பு மூலையில் ஏறி நின்றான். நீல மூலை வெறுமையாகக் கிடந்தது. பெயரைக் கூப்பிட்டார்கள், மணி அடித்தார்கள், திரும்பவும் கூப்பிட்டார்கள். எதிரிவீர வரவில்லை. நடுவர் வந்து இவனுடைய கையைப் பிடித்துத் தூக்கினார். எதிராளி வராவிட்டால் வந்து நிற்கிறவனுக்கு வெற்றி. அதற்கு வோக்ஓவர் என்று பெயர். கழுத்தில் தங்கப் பதக்கம் விழுந்தது. உடம்பில் ஒரு துளி வேர்வை இல்லை.

அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தான். அவளுக்குக் காது கொஞ்சம் மந்தம். "அம்மா, வோக்ஓவர்ல வெண்டுட்டன்" என்றான். "ஆர வெண்ட, மனே?" என்று அவள் கேட்டாள். "வோக்ஓவர் அம்மா, வோக்ஓவர்!" என்று இவன் கத்தினான். அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

மூன்றாம் நாள் சித்தாண்டிச் சந்தியில் பஸ்ஸால் இறங்கியவனுக்குக் கண் இருண்டது. மின்கம்பத்துக்கு மின்கம்பம் கட்டிய துணியில், 'கொழும்பு மாநகரில் வோக்கோவரை வீழ்த்திய எங்கள் மண்ணின் மைந்தனே வருக!' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. வெடி வெடித்தது. விளையாட்டுக் கழகத்துப் பெடியள் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரப் பெட்டியில் வாழை கட்டி வைத்திருந்தார்கள். அந்த இடத்தில் வாயைத் திறந்திருந்தால் ஊர் வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு மறந்திருக்கும். ஆனால் முன்னால் அம்மா ஆலாத்தித் தட்டோடு நின்றாள். அப்பா போனபிறகு அவள் அப்படிச் சிரித்து இவன் கண்டதில்லை. பெட்டியில் ஏறி நின்று கும்பிட்டான்.

"எந்த நாட்டு ஆள்கா வோக்கோவர்? வெள்ளக்காரனா?" என்று முதல் கேள்வி வந்தது.

"தெரியா. என்ட உயரம் வருவான்" என்றான் உதயரூபன்.

அது ஒன்றுதான் உண்மை. அதற்குப் பிறகு கேட்கக் கேட்க வோக்கோவருக்கு மூக்கு வளைந்தது, நெஞ்சில் கழுகு பச்சை குத்தப்பட்டது, இடக்கையில் இடியும் வந்து சேர்ந்தது. முதல் ரவுண்டில் வோக்கோவர் இவனைக் கயிற்றோடு சாத்தினான். இரண்டாவதில் இவன் சமாளித்தான். மூன்றாவதில் வயிற்றில் ஒன்று, தாடையில் ஒன்று. வோக்கோவர் முதலில் வலது முழங்காலைத் தரையில் குத்தினான், பிறகு இடது முழங்காலை, கடைசியில் கும்பிட விழுகிறவன் மாதிரி முகம் குப்புற. கலியாண வீட்டிலும் செத்த வீட்டிலும் அந்தக் கதையைச் செய்து காட்டச் சொல்லுவார்கள். செய்து காட்டிவிட்டு வீட்டுக்கு வந்தால் சாப்பாடு இறங்காது.

ஏனென்றால் மனதுக்குள்ளே ஒரே ஒரு கேள்வி முள்ளாகக் கிடந்து குத்திக்கொண்டிருந்தது. அன்றைக்கு எதிரிவீர ஏன் வரவில்லை? காலையில் கல்லுப் போல நின்றவன், தேத்தண்ணீர் குடித்தவன். காய்ச்சலாக இருந்தால் இந்தப் பதக்கம் வெறும் தகரம். என்னைக் கண்டு பயந்து போயிருந்தால்? அப்படியென்றால் நான் ஒரு ஆள்தான். ஒரு குத்துக்கூடக் குத்தாவிட்டாலும் நான் ஒரு ஆள்தான். அதைச் சொல்லக்கூடியவன் இந்த உலகத்திலே ஒருவன்தான்.

அடுத்த வருடமே கேட்டிருக்கலாம். போட்டிக்கு எதிரிவீர வந்திருந்தான். மண்டபத்தின் மற்றப் பக்கத்தில் நின்று காற்றில் குத்திப் பழகிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு குத்துக்கும் மூக்கால் ஒரு சீறல். உதயரூபன் கையில் துணி சுற்றி முடித்துக் கையுறைக்காகக் காத்திருந்தான். தன் எடையில் ஒரு அடி எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியாது. தெரியாததை எல்லாம் மனம் பெருப்பித்துப் பெருப்பித்துக் காட்டும். மூத்திரம் பெய்துவிட்டு வாறேன் என்று மாஸ்டரிடம் சொல்லிப் பின்பக்கம் போனான். பின்பக்கத்தில் ஒரு கதவு இருந்தது. மட்டக்களப்பு பஸ்ஸில் ஏறி இருந்தபிறகுதான் கையில் இன்னும் துணி சுற்றியிருப்பதைக் கண்டான். நடத்துனர் பார்த்துவிட்டு, காயமா தம்பி என்று இரக்கமாகக் கேட்டார். ஓம் என்றான். ஊருக்கும் அதையே சொன்னான். மாஸ்டர் கிழமைக் கணக்காகத் தொலைபேசி எடுத்துப் பார்த்தார். பிறகு அவரும் விட்டுவிட்டார்.

இன்னொரு தடவையும் ஓடினான். வந்தாறுமூலையில் ஒரு சம்பந்தம் பேசி வந்தது. கம்சாயினி, பல்கலைக்கழகக் கெம்பசில் படிக்கிறவள். பெண்வீட்டார் வோக்கோவர் கதையைக் கேட்க, இவன் வழக்கம்போலச் சொன்னான். எல்லாரும் ஆவென்று கேட்டார்கள். அந்தப் பிள்ளை மட்டும் தேத்தண்ணீர்த் தட்டோடு நின்று கடைசிவரை கேட்டுவிட்டு, கோப்பையை எடுக்கக் குனிந்தபோது மெல்லக் கேட்டாள்: "அப்ப அண்டைக்கு ஒருத்தரும் வரல்லையா?"

அதில் நக்கல் இல்லை. இரக்கம்தான் இருந்தது. அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. பெண்வீட்டார் சம்மதம் சொல்லி அனுப்பியும், வேண்டாம் என்று ஒற்றைக் காலில் நின்றுவிட்டான். தன் பொய்யை அறிந்தும் கோப்பையை மரியாதையாக எடுத்துப் போன ஒருத்தியோடு வாழ்ந்திருக்கலாம். அது பிறகுதான் விளங்கியது. அவள் இப்போது கனடாவில் என்று கேள்வி.

அம்மாவும் கொரோனாக் காலத்தில் போய்ச் சேர்ந்தாள். வீட்டில் ஒரு ஆள். ஒரு ஆளுக்கு என்றாலும் அரிசி மூன்று பேருக்குப் போடவேண்டும். அதைச் சாப்பிடும்போது கதைக்க ஒரு வாய் இல்லை. லீவு நாளில் விடியப்புறம் ஆத்தங்கரைக்குப் போவான். வாவியை அங்கே ஆறு என்றுதான் சொல்வார்கள். தோணிகள் போனபிறகு கரையில் ஒருத்தரும் இருக்கமாட்டார்கள். கையைத் தூக்கி, காலை மாற்றி, காற்றில் குத்துவான். எதிரே வோக்கோவர் நிற்பான். வளைந்த மூக்கு, கழுகு, எல்லாம் சரியாக. அந்த நேரங்களில் அவன் வோக்கோவரை விழுத்துவதில்லை. விழுத்தினால் போய்விடுவான் அல்லவா.

விடுதியில் அவனோடு கதைக்கிற ஒரே ஆள் சமையற்கட்டு மின்ஹாஜ். ஓட்டமாவடியான், ஏழெட்டு வருடம் கட்டாரில் சமைத்தவன். சாப்பாட்டுப் பார்சலைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு வம்பிழுக்காமல் போகமாட்டான்.

"கட்டார்ல எல்லா நாட்டுக்காரனுக்கும் ஆக்கிப் போட்டிரிக்கன். வோக்கோவர் எண்டு ஒரு பேர் கேள்விப்படல்ல மச்சான். உள்ளதச் செல்லு, அப்படி ஒருத்தன் இரிக்கானா?"

"போடா, போய் வேலயப் பாரு" என்பான் உதயரூபன். முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டுதான்.

போன ஆவணியில், விடுதி நிறைந்திருந்த ஒரு வெள்ளிக்கிழமை, குருணாகல் பக்கத்து வான் ஒன்று வந்து நின்றது. பதிவுப் பெயரைக் கேட்க உதயரூபன் குனிந்தான். முன் ஆசனத்தில் வயிறு பருத்த, தலை முன்பக்கம் வெளித்த ஒரு பெரிய மனிதன். இடது காது மடங்கியிருந்தது.

"தம்பி, கேட் திற" என்றான் அந்த மனிதன், தமிழில். பின்னால் இருந்த இரண்டு பெண்பிள்ளைகளும் கெக்கட்டம் விட்டுச் சிரித்தார்கள். தகப்பனின் தமிழ் அவர்களுக்கு வேடிக்கை. அவர்களுக்கு ஒரு சொல்லும் தெரியாது. சண்டைக் காலத்தில் வாழைச்சேனைப் பக்கம் சோதனைச் சாவடிச் சென்றியில் நின்று பழகிய தமிழ் அது. எங்க போற, பேக் திற, இறங்கு, பயம் வேணாம். சென்றிகளைத் தாண்டிப் பள்ளிக்கூடம் போன உதயரூபனுக்கு அந்தத் தமிழ் நன்றாகவே தெரியும்.

பிறகு எதிரிவீர நிமிர்ந்து அவனுடைய முகத்தைப் பார்த்தான். பார்த்தவன் சட்டென்று கடல் பக்கம் திரும்பிக்கொண்டான். உதயரூபன் கட்டையைத் தூக்கினான். ஒரு விரலால் தூக்குகிற கட்டை அன்று கனத்தது.

கேட்டுவிடவேண்டும். இரண்டு இரவு தங்கப் போகிறார்கள், அதற்குள் கேட்டுவிடவேண்டும். கொழும்பில் பழகிய சிங்களத்தில் வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தான். ஆனால் எதிரிவீர வாசல் பக்கம் தலை காட்டவேயில்லை. மனைவி வந்தாள், மச்சினன் வந்தான். அவன் மட்டும் கடலுக்குள் நெஞ்சளவு தண்ணீரில் போய் நின்றுகொண்டான். பாசிக்குடாக் கடல் அதற்குத் தோதான கடல், எவ்வளவு தூரமும் நடந்து போகலாம்.

ஞாயிறு காலை வானில் சாமான் ஏற்றும்போது அந்த இரண்டு பிள்ளைகளும் வாசலுக்கு வந்தார்கள். மூத்தவள் உதயரூபனின் சட்டையில் ஆங்கிலத்தில் குத்தியிருந்த பெயரை வாசித்துவிட்டுத் துள்ளினாள். அவனேதான்! மட்டக்களப்பு உதயரூபன்! தகப்பனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார்கள். எதிரிவீர மாட்டைப் போல இழுபட்டு வந்தான்.

"அங்கிள், எங்கள் அப்பா சொன்னது உண்மையா?" என்று சின்னவள் சிங்களத்தில் கேட்டாள். "உங்களை மூன்றாவது ரவுண்டில் விழுத்தினாராமே? உங்களைப் போல ஒரு பலசாலியைத் தான் கண்டதே இல்லையாம். பாடசாலையில் ஒருத்தியும் நம்புகிறாள் இல்லை."

உதயரூபனுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. அந்த இரண்டாவது வருடம், இவன் பஸ்ஸில் ஏறிய நாள், வெறும் மூலையைப் பார்த்து நின்றவன் எதிரிவீர. அவனும் வேர்வை இல்லாத பதக்கத்தோடு வீட்டுக்குப் போயிருக்கிறான். அவனையும் கேட்டிருப்பார்கள், யாரை அடித்தாய் என்று. குருணாகல் பக்கத்து வீடொன்றில் இத்தனை வருடமும் தான் ஒரு வோக்கோவராக இருந்து அடி வாங்கி அடி வாங்கி விழுந்திருக்கிறான்.

எதிரிவீர மணலைப் பார்த்துக்கொண்டு நின்றான். காதடியில் வேர்வை வடிந்தது. இப்போது உண்மையைச் சொன்னால் அந்தப் பெரிய உடம்பு பிள்ளைகளுக்கு முன்னால் பொத்தென்று விழும். ஒரு குத்தும் வேண்டாம். இவன் வாழ்க்கையிலே ஒரு மனிதனை உண்மையாக விழுத்தக் கிடைத்த ஒரே சந்தர்ப்பம் அது.

உதயரூபன் தொப்பியைக் கழற்றிச் சீமெந்துக் கல்லின்மேல் வைத்தான்.

"உண்மைதான் பிள்ளைகள். உங்கள் அப்பாவின் இடக்கையில் இடி இருந்தது" என்று சிங்களத்தில் தொடங்கினான். முதல் ரவுண்டில் தான் அவரைக் கயிற்றோடு சாத்தியதைச் சொன்னான். இரண்டாவதில் அவர் சமாளித்ததைச் சொன்னான். கதை பன்னிரண்டு வருடம் பழகிய கதை, ஆள் மட்டும் மாறியிருந்தது. மூன்றாவதில் வயிற்றில் ஒன்று, தாடையில் ஒன்று. வலது முழங்காலை மணலில் குத்தினான், பிறகு இடது முழங்காலை, கடைசியில் கும்பிட விழுகிறவன் மாதிரி முகம் குப்புற. பிள்ளைகள் கைதட்டித் தொலைபேசியில் படம் எடுத்தார்கள். முகம் மணலில் கிடந்த அந்தக் கொஞ்ச நேரம் அவனுக்கு அழுகை வந்தது. விழுவது இவ்வளவுதானா? இதற்கா நான் ஓடினேன்?

அவனைத் தூக்கிவிட ஒரு கை நீண்டது. எதிரிவீரவின் கை. பிடித்து எழும்பினான். இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கச் சொல்லி, கையை மடக்கச் சொல்லி, பிள்ளைகள் படம் எடுத்தார்கள். தோளோடு தோள் பட்டது. இரண்டு தோளும் ஒரே உயரத்தில் இருந்தன.

அப்போதுதான் அவனுக்கு அது தட்டியது. இந்தப் பிள்ளைகளுக்குத் தமிழ் தெரியாது. சிரித்த முகத்தை மாற்றாமல், தொலைபேசியைப் பார்த்தபடியே, சென்றியில் நின்றவனுக்கு விளங்கும்படி ஒவ்வொரு சொல்லாகத் தமிழில் கேட்டான்.

"அண்ணே. முதல் வருசம். நீ ஏன் வரல்ல?"

எதிரிவீரவும் படத்துக்குச் சிரித்துக்கொண்டே நின்றான். தனக்குத் தெரிந்த கொஞ்சத் தமிழுக்குள் கிடந்து தேடினான். கடைசியில், சென்றியில் நின்று ஆயிரம் பேருக்குச் சொன்ன சொல் ஒன்று அகப்பட்டது.

"பயம்" என்றான். "தம்பி பெரிசு. நான் பார்த்த. பயம்."

பிறகு, "நீ?"

"எனக்கும் பயம்தான்" என்றான் உதயரூபன்.

மடக்கிய கையை இறக்க இருவருக்கும் மனம் வரவில்லை. படம் எடுத்து முடிந்த பிறகும் அப்படியே நின்றார்கள். என்ன சொல்கிறீர்கள் என்று மூத்தவள் கேட்டாள். நல்ல அடி என்று சொல்கிறார் என்றான் தகப்பன்.

வான் புறப்பட்டது. உதயரூபன் கட்டையைத் தூக்கி, வான் வளைவில் திரும்பி மறையும்வரை தூக்கியபடியே நின்றான். தொலைபேசி எண்ணை இருவரும் கேட்கவில்லை. கேட்டு என்ன கதைப்பது? கதைக்க இருந்தது ஒரு சொல்தான், அதைக் கதைத்தாயிற்று.

சமையற்கட்டுப் படியில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த மின்ஹாஜ் கையைத் துடைத்தபடி ஓடி வந்தான்.

"ஆருகா அது? நீ என்னத்துக்கு அந்த மனிசனுக்கு முன்னால மண்ணில விழுந்து காட்டின?"

உதயரூபன் சட்டையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டினான். தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டான்.

"அதுதான் வோக்கோவர்."

மின்ஹாஜ் சிரிக்க வாயெடுத்தான். உதயரூபன் இந்த முறை முகத்தைத் திருப்பவில்லை. அதைக் கண்டு மின்ஹாஜின் சிரிப்பு நின்றது.

"அப்ப அண்டைக்கு ஆரு விழுந்த? அவனா, நீயா?"

"ஒருத்தரும் விழல்ல மச்சான். முதல் முறை அவன் வரல்ல. மறுகா நான் போகல்ல. அவ்வளவுதான் கதை."

மின்ஹாஜ் வெறும் வீதியைப் பார்த்தான். "நல்ல பெரிய ஆள்தான்" என்றான்.

"ஓம்" என்றான் உதயரூபன். "சரியா என்ட எடை."